ஒரு வரியும் 350 மணி நேரமும்

2005 ஜூன் முதல் தேதி கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. திறந்த மூல மென்பொருள் ஒன்றில் கல்லூரி மாணவர் கோடை முழுக்க வேலை செய்யலாம். சொன்னதைச் செய்து முடித்தால் 4,500 டாலர். விண்ணப்பிக்க இரண்டே வாரம் கொடுத்தார்கள். அதற்குள் 8,700-க்கு மேல் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. 400 பேருக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டார்கள். 2025-ல் அதே ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்துக்கு 15,240 பேர் 23,559 ப்ரொபோசல்களை அனுப்பினார்கள். தேர்வானவர்கள் 1,280 பேர். ப்ரொபோசல்களின் எண்ணிக்கையை வகுத்துப் பார்த்தால் 2005-ல் ஏறக்குறைய இருபதுக்கு ஒன்று, 2025-ல் பதினெட்டுக்கு ஒன்று. இருபது ஆண்டுகளில் இடம் கிடைக்கும் விகிதம் பெரிதாக அசையவில்லை. அசைந்ததெல்லாம் அதற்கு முந்தைய வேலை: எந்த மாணவருக்கு எந்தப் பணியை, எவ்வளவு நறுக்கி, யார் பொறுப்பில் கொடுப்பது என்று ஒரு திட்டத்தின் மூத்தவர்கள் உட்கார்ந்து யோசிக்கும் வேலை.

அன்று அந்த யோசனைப் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டாது. நிரலைப் படித்துப் பிழை காட்டும் பகுப்பாய்வுக் கருவி ஒன்றின் பட்டியல் என்றால், “நல் பாயின்டர் சோதனையை மேம்படுத்துதல்; சி மொழி தெரிந்திருக்க வேண்டும்” என்ற அளவில் ஒரு வரி இருக்கும். எங்கே தொடங்குவது, எது முடிந்தால் முடிந்ததாகக் கொள்வது என்பதெல்லாம் அதில் இருக்காது. ஐஆர்சி அரட்டையில் போய்க் கேட்க வேண்டும். இந்தியாவில் இரவு பதினொன்றுக்குக் கேட்டால் ஐரோப்பாவில் மாலை. பதில் வரலாம், வராமலும் போகலாம். நம் பிள்ளைகள் “சார்” என்று தொடங்குவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து “இங்கே சார் யாரும் இல்லை” என்று வரும். அதைக் கடந்து நின்றவர்தான் விண்ணப்பம் எழுதினார்.

இன்று ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு படிவம் உண்டு. தலைப்பு, விளக்கம், எதிர்பார்க்கும் விளைவு, தேவையான திறன், மென்டர்களின் பெயர், கடினத்தின் அளவு, மணிக்கணக்கு. மணிக்கணக்கு மூன்று வகை: 90, 175, 350. 2020 வரை இந்தத் தேர்வு கிடையாது. கோடை முழுவதும் ஏறக்குறைய முழுநேர வேலை என்பதே ஏற்பாடு. பெருந்தொற்று ஆண்டான 2021-ல் எல்லாருக்கும் 175 மணியாகக் குறைத்தார்கள். 2022-ல் 350-ஐயும் திரும்பக் கொண்டுவந்து, மாணவரல்லாத புதியவர்களுக்கும் கதவைத் திறந்தார்கள். 2024-ல் 90 மணி வந்து சேர்ந்தது. ஒரு வரி யோசனை இப்போது இரண்டு பக்கம் ஓடுகிறது. எழுதியவருக்கே அதனால் ஒரு நன்மை: மணிக்கணக்கைப் போடும்போதுதான் அந்த வேலை தனக்கே முழுதாகப் புரியவில்லை என்பது தெரிய வருகிறது.

நான் இதையெல்லாம் பார்ப்பது ஹப்சிகுடாவிலிருந்து. ஹைதராபாத்தின் கிழக்குப் பக்கம், உப்பல் போகும் சாலையில் இருக்கிற பகுதி. ஒரு பக்கம் உஸ்மானியா பல்கலைக்கழகம், இன்னொரு பக்கம் 1961-ல் தொடங்கிய தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், தார்நாக்காவைத் தொட்டால் வேதியியல் ஆய்வு நிறுவனமும் ஊட்டச்சத்து நிறுவனமும். கடைசியாகச் சொன்னது குன்னூரில் பிறந்து 1958-ல் இங்கே குடிபெயர்ந்தது. தமிழர்கள் இந்தப் பக்கம் வந்து தங்கியதற்கு இப்படிப்பட்ட நிறுவனங்களும் ஒரு காரணம். ஆய்வுக்கூடங்களின் பக்கம் இது. மென்பொருள் என்றால் நகரத்தின் மறுகோடி: மாதாப்பூர், கச்சிபௌலி. நடுவில் அமீர்பேட்டை, ஜாவாவும் டெஸ்டிங்கும் சொல்லிக்கொடுக்கும் கோச்சிங் சென்டர்கள் மாடிக்கு மாடி அடுக்கியிருக்கும் இடம்.

2005-ல் இங்கிருந்து அமீர்பேட்டைக்குப் போக செகந்திராபாத் நெரிசலைப் பேருந்தில் கடக்க வேண்டும். 2017 நவம்பரில் நாகோல்–அமீர்பேட்டை மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2019-ல் அதே தடம் ஹைடெக் சிட்டிக்கும் பிறகு ராயதுர்கத்துக்கும் நீண்டது. ஹப்சிகுடாவில் ஏறி உட்கார்ந்தால் மாறாமல் மறுகோடியில் இறங்கலாம். இணையமும் அப்படித்தான். பிஎஸ்என்எல் டேட்டாஒன் 2005 ஜனவரியில் வந்தபோது 256 கேபிபிஎஸ் என்பது பெருமைப்பட்டுச் சொல்லிக்கொள்ளும் வேகம். வீட்டில் அது இல்லாத மாணவர், மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து நெட் சென்டரில் மூல நிரலை இறக்கி, சிடியில் எழுதி எடுத்துப் போவார். லினக்ஸே பலருக்குப் பத்திரிகையோடு இணைப்பாக வந்த சிடியிலோ, உபுண்டு இலவசமாகத் தபாலில் அனுப்பிய சிடியிலோதான் கிடைத்தது.

தடைகள் இருந்த இடத்தில் இப்போது வேறு தடை இருக்கிறது. எல்எல்விஎம் என்னும் கம்பைலர் தொகுப்பை இன்றைக்கு இறக்குவது ஒரு டீ குடிக்கும் நேரம். ஆனால் அதில் இருக்கும் கிளாங் பகுப்பாய்வுக் கருவியில் கை வைக்க வேண்டுமானால், முதலில் தொகுப்பை பில்ட் செய்தாக வேண்டும். 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் டீபக் தகவலோடு பில்ட் போட்டால் கடைசியில் லிங்க் செய்யும் இடத்தில் நினைவகம் தீர்ந்து இயந்திரம் உறைந்துவிடும். ஒரே நேரத்தில் ஒரு லிங்க் மட்டும் நடக்கும்படி அமைப்பை மாற்றலாம். டீபக் இல்லாமல் ரிலீஸ் பில்ட் போடலாம். தேவையான பகுதியை மட்டும் தேர்ந்துகொள்ளலாம். இவை தெரிந்தவருக்கு அரை நாள் வேலை, தெரியாதவருக்கு ஒரு வாரம். மாணவர் திட்டம் போடுபவர் இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 90 மணி நேரத் திட்டத்தில் முதல் 20 மணி பில்ட் செய்வதிலேயே போய்விடும். பைத்தானில் எழுதிய கருவிக்கு இந்தச் சங்கடம் இல்லை. என்ன கற்க வேண்டும் என்பதை மாணவரின் மடிக்கணினி ஓரளவு தீர்மானிக்கிறது என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை.

பகுப்பாய்வுக் கருவிக்கு மாணவர் திட்டம் தீட்டுவது மற்ற மென்பொருளுக்குத் தீட்டுவதைப் போன்றதல்ல. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978-ல் ‘லின்ட்’ பற்றி எழுதிய நாளிலிருந்து இந்த வகைக் கருவி கொடுப்பது ஒன்றே ஒன்று: எச்சரிக்கை. அது சரியா என்று மனிதர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓர் உதாரணம். ஒரு ஃபங்ஷன் தன்னிடம் வரும் பாயின்டர் வெறுமையாக இருக்கிறதா என்று முதல் வரியில் சோதிக்கிறது; வெறுமையாக இருந்தால் செய்தி எழுதும் இன்னொரு ஃபங்ஷனை அழைத்துவிட்டு மேலே போவதுபோலத் தெரிகிறது; பத்து வரி தள்ளி அதே பாயின்டரைத் திறக்கிறது. கருவி கத்துகிறது. அந்தச் செய்தியை எழுதும் ஃபங்ஷனோ நிரலையே நிறுத்திவிடும், திரும்பி வரவே வராது; ஆனால் அது வேறு கோப்பில் இருப்பதால் கருவிக்குத் தெரியாது. ஆக எச்சரிக்கை பொய். கருவியைத் திருத்துவதா, அந்த ஃபங்ஷன் திரும்பாது என்று நிரலில் ஒரு குறிப்பு எழுதுவதா? “டூல் சொல்லுதேண்ணா, மேலேயே ரிட்டர்ன் போட்டுட்டேன்” என்பார் மாணவர். எச்சரிக்கை போய்விடும். எதையும் புரிந்துகொள்ளாமலே போய்விடும்.

இதை வேடிக்கை என்று ஒதுக்க முடியாது. 2006-ல் டெபியன் லினக்ஸில், ஓபன்எஸ்எஸ்எல் நிரலில், தொடக்க மதிப்பு தரப்படாத நினைவகம் பயன்படுகிறது என்று வால்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவி எச்சரித்தது. பராமரிப்பவர் அந்த வரிகளை முடக்கினார். எச்சரிக்கை நின்றது. தற்செயல் எண்களுக்கு விதை தரும் வழியும் அதோடு அடைபட்டது. இயங்கும் நிரலின் எண் ஒன்றே விதையாக மிஞ்ச, ஒரு வகைச் சாவிக்கு ஏறக்குறைய 32,000 சாத்தியங்களே எஞ்சின. 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது. அதுவரை அந்த நிரலால் உருவான சாவிகள் எல்லாம் மாற்றப்பட வேண்டியதாயிற்று. கருவி சொன்னதில் பொய் இல்லை. எச்சரிக்கையை அடக்குவதும் பிழையைத் திருத்துவதும் வேறு வேறு என்பதைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. யோசனைப் பட்டியலின் எந்தக் கட்டத்திலும் அதை எழுதவும் தெரியாது.

மென்டர் ஏற்பாட்டையே பெரிதாகக் கட்டியெழுப்பிய ஒரு பகுப்பாய்வுக் கருவி உண்டு: ‘கோஆலா’. ஜெர்மனியில் மாணவர்கள் தொடங்கியது. எல்லா மொழிகளுக்கும் ஒரே இடத்தில் சோதனை என்பது அதன் நோக்கம்; ஒவ்வொரு மொழிக்கான சோதனைப் பகுதியையும் ‘கரடி’ என்று அழைத்தார்கள். முதலில் பைத்தான் அறக்கட்டளையின் குடையின் கீழும், பிறகு தனியாகவும் சம்மர் ஆஃப் கோடில் பங்கேற்றார்கள். புதிதாக வருபவருக்கென்று குறியிட்ட சிறு பிழைகள் காத்திருக்கும். ஒன்றைத் திருத்திய பிறகு இன்னொருவரின் திருத்தத்தை ரிவ்யூ செய்ய வேண்டும். அப்புறம்தான் அடுத்த படி. பிழையை ஒருவர் பெயரில் ஒதுக்குவதைக்கூட ஒரு பாட் பார்த்துக்கொண்டது. இந்தியப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் திரளாகப் போனார்கள். தங்கள் முதல் பேட்சை அங்கே கொடுத்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள்.

ஆனால் அதன் 0.11 பதிப்பு 2017-ல் வந்தது. அதற்குப் பிறகு நிலையான பெரிய பதிப்பு வரவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக விலக, திட்டம் ஓய்ந்துபோனது. வெளியிலிருந்து பார்த்த என் கணிப்பு இது: புதியவர்களை ஏற்றிவிடும் படிக்கட்டு மிக நன்றாக அமைந்தது, ஏறியவர் தங்கி வேலை செய்ய மாடி போதவில்லை. சிறு பிழைகளைப் புதியவர்களுக்கென்று ஒதுக்கி வைத்தால் ஆட்கள் வருவார்கள். கருவியின் மையத்தை மாற்றி எழுதும் கடின வேலைக்கு மூத்தவர்களின் நேரம் வேண்டும், அந்த நேரம் ரிவ்யூவில் கரையும். கோஆலாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அங்கே ரிவ்யூ செய்யக் கற்ற ஒரு தலைமுறை இருக்கிறது. கருவி இல்லை.

வேறு விதமாக நறுக்கியவர்களும் உண்டு. ஜூலியா லாவால் முதலானோர் உருவாக்கிய ‘காக்சினெல்’ லினக்ஸ் கெர்னலின் சி நிரலில் ஒரே மாதிரியான கோலங்களைத் தேடி மாற்றும். அவுட்ரீச்சி பயிற்சித் திட்டத்தில் கெர்னலுக்கு வந்தவர்கள், இன்னும் பக்குவப்படாத ட்ரைவர்கள் கிடக்கும் ‘ஸ்டேஜிங்’ பகுதியில் இதைக்கொண்டு சிறு திருத்தங்களை அனுப்பிப் பழகினார்கள். கருவியை உருவாக்கும் வேலைக்கு முன்னால் கருவியின் எச்சரிக்கைகளோடு மல்லுக்கட்டும் வேலை. ஜிசிசி தொகுப்பியில் 2020-ன் பத்தாம் பதிப்பிலிருந்து வந்த பகுப்பாய்வுப் பகுதிக்கு டேவிட் மால்கம் மென்டராக இருந்திருக்கிறார். அங்கே 2023-ல் சிபைத்தான் நீட்சி நிரல்களில் ரெஃபரன்ஸ் எண்ணிக்கைப் பிழைகளைப் பிடிக்கும் ஒரு செருகு நிரலை மாணவர் திட்டமாக எடுத்தார்கள். கருவியின் மையத்தைத் தொடாமல், வெளியே நின்று, முழுதாக ஒரு பயன் தரும் துண்டு. 2005-ன் ஒருவரி யோசனையில் இந்த நேர்த்திக்கு இடமே இருந்திருக்காது.

பணத்தையும் சொல்ல வேண்டும். 2005-ன் 4,500 டாலர் அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய். 2017-லிருந்து தொகை நாட்டுக்கு நாடு மாறுகிறது; இந்திய மாணவருக்கு 350 மணிக்கு 3,000 டாலர், 175 மணிக்கு 1,500, 90 மணிக்கு 750. 3,000 டாலர் இன்று இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டும். ரூபாயில் கூடியிருக்கிறது, ஹப்சிகுடாவில் வாடகை கொடுப்பவரிடம் கேட்டால் கூடியதாக ஒப்புக்கொள்ள மாட்டார். தொடக்க ஆண்டுகளில் சேர்ந்தவுடன் 500 டாலர் முன்பணம் வந்தது. இப்போது இடைத் தேர்ச்சிக்குப் பிறகு 45 சதவீதம், முடிவில் 55. ஒழுங்கு என்ற வகையில் இது சரி. அந்த முன்பணத்தில் இணைய இணைப்பு வாங்க நினைக்கும் பிள்ளைக்கு அப்படித் தோன்றாது.

நாட்காட்டியும் பெரிதாக மாறவில்லை. வேலை வழக்கமாக ஜூனை ஒட்டித் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை. அமெரிக்காவுக்கு அது விடுமுறை. நமக்கு ஏப்ரல், மே வெயிலில் விடுமுறை முடிந்து, ஜூலையில் செமஸ்டர் தொடங்கிவிடும். பல கல்லூரிகளில் ஜூன் மாதமே தேர்வுகள் வந்து நிற்கும். 350 மணியைப் பன்னிரண்டு வாரத்தில் வகுத்தால் வாரத்துக்கு 29 மணி. வகுப்பில் வருகைப்பதிவு 75 சதவீதம் கேட்கும் ஊரில் இது எப்படி நடக்கும் என்று திட்டத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டு கழித்தும் மென்டர்கள் ஜூலையில் “பையனைக் காணோம்” என்று பதறுகிறார்கள்.

முதல் பத்தாண்டில் உலகிலேயே அதிக மாணவர்களை இந்தத் திட்டத்துக்கு அனுப்பியது இலங்கையின் மொரட்டுவா பல்கலைக்கழகம். அமெரிக்கப் பல்கலைகள் எல்லாம் அதற்குப் பின்னால். அங்கே அப்பாச்சி திட்டங்களில் ஆழ்ந்திருந்த முன்னோடிகளும், போன ஆண்டு செய்தவர் இந்த ஆண்டு செய்பவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கமும் இருந்தன. இங்கே கச்சிபௌலியின் ஐஐஐடியும் அப்படியே முன்வரிசைக்கு வந்தது. ஸ்வேச்சா போன்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பினர் கல்லூரி கல்லூரியாக முகாம் நடத்தினார்கள். மென்டர் என்ற பெயரில்லாமல் சீனியர்கள் பார்த்த வேலை அது: பில்ட் ஏன் உடைகிறது, அந்தப் பராமரிப்பாளரிடம் எப்படிப் பேசுவது, எந்த யோசனை வெறும் பேச்சு. விடுதியில் சீனியர் இல்லாத சிறு ஊர்க் கல்லூரிப் பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இன்றைய இரண்டு பக்க யோசனை அந்தப் பிள்ளைக்காக எழுதப்படுகிறது. கரீம்நகரிலோ விருதுநகரிலோ இருந்துகொண்டு, யாரையும் தெரியாமல், ஒருவர் அதைப் படித்துத் தொடங்க முடியும். இது சிறிய லாபம் அல்ல.

நஷ்டம் கடந்த சில ஆண்டுகளில் வேகமெடுத்தது. 2020 அக்டோபரில் ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ நிகழ்வில் தரும் டி-ஷர்ட்டுக்காக உலகெங்கும் திறந்த மூலத் திட்டங்களில் வெற்றுத் திருத்தங்கள் வந்து கொட்டின. அதில் நம் நாட்டுப் பங்கு கணிசம். அதாவது எண்ணிக்கைக்காக வேலை என்பது செயற்கை நுண்ணறிவுக்கு முன்பே வந்துவிட்டது. இப்போது ப்ரொபோசல்களும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே உட்தலைப்புகள், ஒரே சரளம், வாரவாரியாக அட்டவணை. யோசனைப் பக்கத்தில் நாம் எவ்வளவு தெளிவாக எழுதுகிறோமோ அவ்வளவு எளிதாக இயந்திரம் அதை நிரப்பித் தருகிறது. 2005-ல் மோசமான ஆங்கிலத்தில் மூன்று பத்தி எழுதியவரிடம், நிரலின் எந்தக் கோப்பைத் திறந்து பார்த்தார் என்பது தெரிந்தது. இன்று பன்னிரண்டு பக்கத்தில் அது தெரிவதில்லை.

ஆகவே திட்டமிடும் வேலை திசை மாறியிருக்கிறது. முன்பு, மூத்தவர்களுக்கு நேரமில்லாத எந்த வேலையை மாணவருக்குக் கொடுப்பது என்று யோசித்தோம். இப்போது, மாணவர் இயந்திரத்திடம் தள்ளிவிட முடியாத வேலை எது என்று யோசிக்கிறோம். நான் உதவும் கருவியில் டிசம்பரில் கூடிப் பேசி ஒரு வழி வைத்திருக்கிறோம். விண்ணப்பிப்பவர் தனக்குத் தெரிந்த, தானே பயன்படுத்திய ஒரு நிரல்தொகுப்பில் கருவியை ஓட்டி, வரும் எச்சரிக்கைகளில் பத்தை எடுத்து, எது மெய், எது பொய் என்று பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் நாலு வரி. அதையும் இயந்திரம் எழுதும். அதனால் பதினைந்து நிமிடம் அழைப்பில் பேசுகிறோம். தமிழோ தெலுங்கோ, எந்த மொழியிலும் பேசலாம். “இந்த ஏழாவதை ஏன் பொய் என்கிறீர்கள்?” என்று கேட்டால், நிரலைத் திறந்து பார்த்தவர் உடனே திரையைப் பகிர்ந்து காட்டத் தொடங்குவார். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. தான் எங்கே பார்த்தோம் என்று சொன்னால் போதும்.

இதற்கு ஆகும் செலவு மென்டரின் நேரம். நாற்பது விண்ணப்பம் என்றால் பத்து மணி நேரம் பேச்சுக்கே போகும். சம்பளமில்லாத வேலை, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும். அதனால் அடுத்த கோடைக்கு எங்கள் பட்டியலில் இரண்டே யோசனைகள். ஒன்று 90 மணி: திரும்பி வராத ஃபங்ஷன்களைக் கோப்பு தாண்டி அடையாளம் காணுதல், கூடவே அதற்கான சோதனைகள். இன்னொன்று 350 மணி, சி++ பக்கம். மூன்றாவதாக ஒன்றும் எழுதி வைத்திருந்தோம், மூன்றிலும் அதுதான் சுவையானது. அதற்கு இரண்டாவது மென்டர் அமையாததால் எடுத்துவிட்டோம்.